டேங்க்குக்கு நிலா வைக்கும் முன் இருட்டை வையுங்கள்

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்றடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), ஒன்றரை வருடமாக ஓடுகிறது. லெதர் கோரல், சோவாந்தஸ், மஷ்ரூம் என்று மென்பவள வகைகள், ஒரு ஜோடி க்ளவுன் மீன். மெயின் லைட் மதியம் ஒன்றிலிருந்து ராத்திரி பத்து வரை. புதிதாக வாங்கிய எல்இடியில் நிலா வெளிச்சத்துக்கென்று ஒரு நீல விளக்கு இருக்கிறது, அது விடிய விடிய எரிகிறது. நிஜ நிலா மாதிரி வளர்பிறை தேய்பிறை செய்ய முடியுமா? சேலத்தில் நிலா உதிக்கும் நேரத்தைப் பின்பற்ற வேண்டுமா? செய்தால் பவளம் முட்டை விடுமா?"

முதலில் இன்றைக்கு ராத்திரி அந்த நீல விளக்கை அணைத்துவிடுங்கள். தினமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் எரிகிற விளக்கை நிலா என்று சொல்ல முடியாது, அது டேங்க்குக்கு மேல் ஒரு தெருவிளக்கு, அவ்வளவுதான். நிலாவின் விஷயமே அது மாறுவதுதான், மாதத்தில் சில ராத்திரி அது இல்லாமல் போவதுதான்.

விளக்கை அணைத்த பிறகு ஹால் லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டேங்க் முன்னால் இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் பார்த்தால் இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி, மோடத்தின் மினுக்கல், ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கு என்று எத்தனை "நிலா" ஏற்கெனவே இருக்கிறது என்று தெரியும். என் அனுபவத்தில் ஜன்னலுக்கு ஒரு கனமான திரையும் புள்ளி விளக்குகளுக்குக் கொஞ்சம் கறுப்பு டேப்பும், விலையுயர்ந்த கண்ட்ரோலரைவிட அதிகம் உதவியிருக்கின்றன.

நிலா எவ்வளவு மங்கல் என்பதை நம்மில் பலர் உணர்வதில்லை. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் முழு நிலவு 0.1 முதல் 0.3 லக்ஸ்தான். சூரியனைவிட சுமார் நான்கு லட்சம் மடங்கு குறைவு. டிசம்பர் பௌர்ணமியில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்று பாருங்கள்: பாதை தெரியும், இலை தெரியும், ஆனால் பகலில் செக்கச்செவேல் என்றிருந்த காபிப் பழம் கறுப்பாகத்தான் தெரியும். அந்த அளவு வெளிச்சத்தில் நம் கண் நிறம் பார்ப்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிடுகிறது, சிவப்புதான் முதலில் போகிறது. நிலா வெளிச்சம் நீலமாகத் தோன்றுவதும் இதனால்தான், உண்மையில் அது வெயிலைவிடக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் டேங்க்கில் நீல எல்இடி தப்பில்லை, ஏனென்றால் கடலில் ஆழம் போகப் போக சிவப்பு வடிகட்டப்பட்டு நீலம்தான் மிஞ்சுகிறது.

ஆகவே உங்கள் சோதனையும் அந்தக் காபிப் பழம்தான். இருபது நிமிடம் இருட்டில் இருந்த பிறகு பாறையின் விளிம்பும் வெள்ளை மணலும் தெரிய வேண்டும், க்ளவுன் மீனின் வெள்ளைப் பட்டை தெரியலாம், ஆரஞ்சு தெரியக் கூடாது. தெரிந்தால் வெளிச்சம் அதிகம். கடையில் வரும் பெரும்பாலான மூன்லைட்டுகள் இதில் தேறாது. எல்இடியை நேராகத் தண்ணீருக்கு மேல் வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், போதாவிட்டால் மேலே ஒரு டேப் ஒட்டி ஊசியால் ஒரு ஓட்டை போடுங்கள். இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் பாசியும் வளராது, பவளத்துக்கு உணவும் ஆகாது. இது வெறும் நேரம் சொல்கிற வெளிச்சம்.

சரி, நேரத்துக்கு வருவோம். நிஜ நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, ஒரு சுற்றுக்கு 29.5 நாள். சேலத்தில் நிலா உதிக்கும் நேரத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் உங்கள் டேங்க்கில் சூரியன் மறைவதே ராத்திரி பத்துக்குத்தான். வெளியே நிலா ஏழு மணிக்கு உதித்தால் உங்கள் மீனுக்கு அப்போது நட்டநடுப் பகல். அதற்குப் பொருந்தாத நேரத்தைக் கொடுத்துக் குழப்பாதீர்கள். தேதிக்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும், பௌர்ணமியும் அமாவாசையும் அதில் இருக்கின்றன. உங்கள் டேங்க்கின் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, எட்டு மணி நேரம். இதைப் பதினைந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணி நேரம்தான் வருகிறது. பௌர்ணமியன்று பத்து முதல் ஆறு வரை எரியட்டும். மறுநாள் பத்தரைக்கு வரட்டும், அதற்கடுத்த நாள் பதினொன்றுக்கு. தேய்பிறை அஷ்டமி வாக்கில் இரண்டு மணிக்கு வந்து விடியும் வரை இருக்கும். அமாவாசையை ஒட்டிய இரண்டு மூன்று நாள் ஒன்றும் வேண்டாம், முழு இருட்டு. வளர்பிறையில் இதுவே தலைகீழ்: மூன்றாம் பிறை அன்று பத்து மணிக்கு மெயின் லைட் போனதும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மறையும், பிறகு நாளுக்கு அரை மணி நேரம் கூடும்.

அளவைப் பொறுத்தவரை அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் என்று போட்டுவிடுவார்கள். அது சரியில்லை. நிலாவின் தரை மேடும் பள்ளமுமானது, பக்கவாட்டில் வெயில் படும்போது நிழல் விழுந்து வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் அரை நிலா தருவது முழு நிலவின் பத்தில் ஒரு பங்குதான். ஆர்டுயினோ (நாமே ப்ரோக்ராம் செய்யக்கூடிய சின்ன சர்க்யூட் போர்டு) வைத்துச் செய்தால் 255 என்ற உச்சத்துக்கு அஷ்டமியில் 25 போடுங்கள், 127 அல்ல. கூடவே பட்டன் பேட்டரி உள்ள கடிகார மாட்யூல் ஒன்றும் கட்டாயம் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்து போனால், பேட்டரி இல்லாத டைமர் நாளைத் தொலைத்துவிடும், நீங்கள் கவனிப்பதற்குள் அமாவாசையில் நிலா எரிந்துகொண்டிருக்கும்.

முட்டை விடுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: நிலா விளக்கு மட்டும் வைத்து, இல்லை. லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் ஆக்ரோபோரா என்ற கல் பவளங்களை டேங்க்குக்குள்ளேயே முட்டை விடச் செய்து 2017-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். அதற்குக் கடலின் வருடாந்தர வெப்பநிலை, பகல் நீளம், வெயிலின் அளவு, நிலா நான்கையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது தைவான் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஒன்று. பௌர்ணமிக்குப் பிறகு சூரியன் மறைவதற்கும் நிலா உதிப்பதற்கும் இடையே ஒரு இருட்டு இடைவெளி விழுகிறதல்லவா, அவர்கள் பார்த்த பவளத்துக்கு முட்டை விடச் சொல்கிற சைகை அந்த இருட்டுதான். பௌர்ணமிக்கு முன்பே மூடி வைத்து அந்த இருட்டைச் செயற்கையாகக் கொடுத்தபோது முன்னதாகவே முட்டை விட்டன. நான் விளக்கைவிட இருட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஆசை வந்து கல் பவளம் தேடும்போது, மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தக் கடலும் ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது.

உங்களிடம் நிஜமாகவே பலன் காட்டப்போவது க்ளவுன் ஜோடிதான். பாறையில் ஆரஞ்சு முட்டை வைத்தால் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முட்டைக்குள் குஞ்சின் கண் வெள்ளியாக மின்ன ஆரம்பிக்கும், இருட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரியும். இரவில் செயற்கை வெளிச்சம் படும்படி வைத்த க்ளவுன் முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை என்று 2019-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் கண் மின்னுவதைப் பார்த்த நாளிலிருந்து, காலண்டரில் பௌர்ணமியாகவே இருந்தாலும், நிலா விளக்கை ஏற்றாதீர்கள், ஹாலில் டிவியும் வேண்டாம்.