யாழ்ப்பாணத்தில் மாரியும் கோடையும்

கேள்வி: மழைக்காலம், வறண்ட காலம் என்று இரண்டே பருவங்கள் உள்ள வெப்பமண்டல ஊரில் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எனவே எங்கள் ஊரை வைத்தே பதில் சொல்கிறேன். நாங்கள் மழைக்காலத்தை மாரி என்போம், மற்றதைக் கோடை என்போம். விடிந்ததும் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு இருக்கிறது, ஆனால் அது மாரியில் மட்டும் ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் நனைக்கும்போது, எங்களுக்கு வந்து சேர்வது ஈரம் வற்றிய காற்றுத்தான். அதைச் சோளகம் என்போம். மாதக்கணக்கில் பனையோலைகளைச் சலசலக்க வைத்து, வீட்டுக்குள் செம்மண் புழுதியை இறைத்துவிட்டுப் போகும்.

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் போன மாரியின் தண்ணீரில். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி, கடலிலிருந்து ஊறிவரும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்காத என் அம்மம்மா, தை பிறந்து மழை ஓய்ந்ததும் வாளியைத் தண்ணீர் தொடும்வரை இறக்கி, கப்பிக் கயிற்றில் கை நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். ஆவணியில் அந்தத் துணியைத் தாண்டி எத்தனை முழம் இறங்குகிறது என்று அளப்பார். மூன்று முழத்தைத் தாண்டினால், “இனி மட்டாக அள்ளுங்கள்” என்பார். அன்றிலிருந்து ஆளுக்கு இத்தனை வாளி என்று எண்ணித்தான் குளியல். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். ஒரேயடியாக இறைக்கக் கூடாது, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று அள்ள வேண்டும் என்பதும் அவர் விதிதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இறைப்பு இயந்திரம் பூட்டித் தோட்டத்துக்கு நாள் முழுதும் இறைத்தார்கள். சில கோடைகளில் அந்தக் கிணறு சவர்த் தண்ணீர் ஆகிவிட்டது. தேநீர் வைத்தால்கூட உப்புக் கரித்தது. அந்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்றதை நான் மறக்கவில்லை. தீவுப்பகுதிகளில் இந்தத் துன்பம் இன்னும் கடுமை. அங்கே பல வீடுகளுக்குப் பவுசரில், அதாவது தாங்கி வண்டியில், வரும் தண்ணீர்தான்.

சமையலறையும் இதே கணக்கில்தான் நடக்கிறது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ உதிரும். அதைக் கூட்டியெடுத்து வடகம் போட்டுக் காயவைப்போம். ஆவணியில் பனம்பழத்தைப் பிசைந்து பாயில் ஊற்றிப் பனாட்டு ஆக்குவோம். மாரி தொடங்குமுன் மிளகாயும் மல்லியும் காய்ந்து, வறுபட்டு, தூளாகிப் போத்தலில் ஏறியிருக்க வேண்டும். தவறினால் பூஞ்சணம் பிடித்துவிடும். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்குவதும் அந்த நாட்களில்தான். மாரி அவற்றை முளைக்க வைக்கும், தையில் கிழங்கு கிண்டுவோம், வெயில் அதைக் காயவைத்து ஒடியலாக்கும். அடுத்த மழைநாளில் அந்த ஒடியல் மாவில் கூழ் கொதிக்கும். மழை விளைவித்ததை வெயில் காத்துத் தருகிறது. இந்தக் கைமாற்றத்தில் எனக்கு இருக்கும் அன்பு கொஞ்சமல்ல.

மாரியை அழகாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. துணி மூன்று நாளானாலும் காயாது. பள்ளிக்கூடச் சீருடையை அடுப்படியில் கட்டிய கொடியில் போட்டு, புகை மணக்க உடுத்திப் போனோம். புற்றிலிருந்து வெள்ளம் விரட்டிய பாம்புகள் வீட்டுக்குள் வரும். நுளம்பு பெருகும், அதன் பின்னால் டெங்கு வரும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் குடாநாட்டின் தாழ்நிலங்கள் எல்லாம் வெள்ளக்காடாயின. அத்தனை தண்ணீர் கண்முன்னே கடலுக்குப் போனது, எட்டு மாதம் கழித்து அதே ஊர் வாளியோடு வரிசையில் நின்றது. இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். முற்றத்துக்கெல்லாம் சீமெந்து பூசுகிறோம், குளத்தின் ஓரத்தை நிரப்பி மதில் கட்டுகிறோம், வெள்ளம் விரைவாக ஓடினால் போதும் என்று வாய்க்காலைக் கொங்கிறீற்றில் கட்டுகிறோம். மழைநீர் இறங்க வழியில்லாவிட்டால் கிணறு எதைக் கொடுக்கும்?

மார்கழி கடைசியில் மழை ஓய்ந்து, வாடைக்காற்று மட்டும் வீசும். வயலில் மாரி மழையை நம்பி விளையும் காலபோக நெல் பழுக்கும், பிள்ளைகள் பட்டத்தோடு வெட்டைக்கு ஓடுவார்கள். காற்றில் ஒலிக்கும் விண் என்ற நாணைப் பூட்டிய பட்டத்தை இரவிலும் இறக்காமல் மரத்தில் கட்டிவிடுவார்கள். படுக்கையில் கிடந்தபடி அது கூவுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கலாம்.

அம்மம்மா இப்போது இல்லை. எங்கள் வீட்டிலும் மோட்டார் வந்துவிட்டது. ஆனால் கப்பியையும் கயிற்றையும் கழற்றவில்லை. கூரைத் தண்ணீரை ஒரு குழாயில் சேர்த்து, கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளிக் கல்லும் மணலும் நிரப்பிய குழிக்குள் விட்டிருக்கிறோம். தை பிறந்ததும் சிவப்புத் துணியை நான் கட்டுகிறேன். போன ஆவணியில் இரண்டரை முழம்தான் இறங்கியது.