ஊர்த் தலைவர் வேடம் மிகையாகத் தெரிகிறதா?

தம்பி, குறும்படத்தில் ஊர்த் தலைவர் வேடம், எப்படிச் செய்தாலும் இயக்குநர் ‘ஓவர் ஆக்டிங்’ என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, மீசை முறுக்குவதையும் துண்டை உதறுவதையும் முதலில் விடுங்கள். எங்கள் கோபி பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள், ஊரே பயப்படுகிற ஆள்தான் இருப்பதிலேயே மெதுவாகப் பேசுவார். அப்புறம் 1994-இல் வந்த ‘அமைதிப்படை’யின் ஓட்டு எண்ணும் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: நாற்காலி நுனியில் பவ்யமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சத்யராஜ், முன்னிலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கடைசியில் முழுசாகச் சாய்ந்து உட்காருவார், பக்கத்தில் மணிவண்ணன் அதைப் பார்க்கிற பார்வை இல்லாவிட்டால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். (ரெண்டு பேருமே கோவைக்காரர்கள், எனக்குப் பாசம் கொஞ்சம் கூடத்தான்.) அதனால் உங்கள் எதிரில் நடிப்பவரிடமும் பேசி வையுங்கள், பயத்தைக் காட்ட வேண்டியவர் அவர்தான்.