யுக்கலேலியில் சுருதி நிற்கவில்லையா? பிரடையை மாற்றுவதற்கு முன் ஸ்க்ரூவைப் பாருங்கள்

கேள்வி: மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். பள்ளி இசை வகுப்புக்காக நாலு மாதத்துக்கு முன் கடையில் 45 வெள்ளிக்கு ஒரு சின்ன சொப்ரானோ யுக்கலேலி (நாலு தந்தியுள்ள, கிதார் போன்ற கருவி) வாங்கினோம். சுருதி சேர்த்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினால், "பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை) நாலும் போய்விட்டது, கியர் வைத்த பிரடை போட 80 வெள்ளி" என்கிறார். இணையத்தில் ஒரு செட் 12 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டிலேயே மாற்றலாமா? (சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். 80 வெள்ளியும் வேண்டாம், 12 வெள்ளியும் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பிரடையின் பிடி தலைப்பலகைக்குப் பின்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. இது உராய்வில் நிற்கும் வகை. உள்ளே பல்சக்கரமே கிடையாது. பிடியின் நடுவில் ஒரு பொடி ஸ்க்ரூ தெரிகிறதல்லவா, மொத்தப் பிரடையையும் இறுக்கிப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் பிரடை வழுக்கும், தந்தி இறங்கும். பல்லே இல்லாத பிரடை நாலும் ஒரே நேரத்தில் "போய்விட்டது" என்றால் நான் நம்பமாட்டேன்.

முதலில் ஒரு சோதனை. தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டு, ஒவ்வொரு பிடியின் விளிம்பிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேராக மரத்தில் இன்னொரு புள்ளி. ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். புள்ளிகள் விலகியிருந்தால் பிரடை வழுக்குகிறது. புள்ளிகள் நேராகவே இருந்து சுருதி மட்டும் இறங்கியிருந்தால், குறை தந்தியில். ஒன்று, அடியில் போட்ட முடிச்சு நழுவுகிறது. இல்லை, நைலான் தந்தி இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. புதுத் தந்தி அடங்க ஒரு வாரம்கூட ஆகும். அதற்குப் பிரடையை மாற்றிப் பயனே இல்லை.

வழுக்குவது பிரடைதான் என்றால், தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அளவான ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று வலப்பக்கம் திருப்புங்கள். மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று, அவ்வளவுதான். மகள் தன் விரலால் சிரமப்பட்டாவது திருப்ப முடிய வேண்டும், கையை எடுத்ததும் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் பிடி வெடித்துவிடும்.

இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். வகுப்பு முழுவதும் யுக்கலேலி வாசிக்கிறது. பெற்றோர் விலை குறைந்ததாகப் பார்த்து உராய்வுப் பிரடை வைத்ததை வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஸ்க்ரூ எதற்கு என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தருவதில்லை. ஆசிரியருக்கு ஒரு பாட வேளைக்குள் எல்லாருக்கும் சுருதி சேர்த்துக் கொடுக்கவே நேரம் போதாது. கருவியை விற்றவருக்கோ இன்னொன்று விற்றால் லாபம். நடுவில் பிள்ளை தனக்குக் காது சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறது!

சரி, உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை எது? பிடி விரிசல் விட்டிருந்தால், ஸ்க்ரூவின் மரை தேய்ந்து சும்மா சுற்றினால், தண்டு வளைந்திருந்தால். அப்போதும் கெட்டதை மட்டும் மாற்றுங்கள், அதே வகையில். நீங்கள் வாங்கி நாலு மாதம்தானே ஆகிறது? கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் இங்குள்ள லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 முதல் இருக்கும் சட்டம் இது. ரசீதோடு விற்ற கடைக்கே போய்ச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

அந்த 12 வெள்ளி செட்டில் "எல்லா யுக்கலேலிக்கும் பொருந்தும்" என்று போட்டிருப்பார்கள். பொருந்தாது. கியர் பிரடையின் தண்டுக்கும் அதைச் சுற்றி வரும் உலோக வளையத்துக்கும் பெரும்பாலும் பெரிய துளை வேண்டும். பின்பக்கம் தனியாக ஸ்க்ரூவும் ஏற வேண்டும். உடனே டிரில்லை எடுப்பார்கள். ஏற்கெனவே துளை உள்ள மெல்லிய பலகையில் சாதாரண டிரில் முனை சட்டென்று கவ்வும். மேல்பூச்சு பெயரும், சில நேரம் பலகையே பிளக்கும். துளையைக் கூம்பு ரீமரால் கையாலேயே, இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். பின்னால் வரும் பொடி ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே மெல்லிய துளை போட்டு, மரையில் மெழுகு தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தலை முறிந்து, மீதி மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இவ்வளவும் செய்து முடித்தால் கருவியின் தலை கனத்து, வாசிக்கும்போது இடக்கைப் பக்கம் சாயும். சொப்ரானோவின் உடம்பு அவ்வளவு இலேசு.

பார்க்க உராய்வுப் பிரடை போலவே இருந்து, உள்ளே 4:1 கியர் (பிடி நாலு சுற்றினால் தண்டு ஒரு சுற்று) வைத்த பிரடைகளும் உண்டு. ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்கிறது. அருமையான பொருள்தான், ஆனால் ஒரு செட்டின் விலை உங்கள் யுக்கலேலியின் விலையைத் தாண்டும்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில வீடுகளில் தாத்தா காலத்து யுக்கலேலி இருக்கும். அதில் ஸ்க்ரூவே இல்லாத மரப்பிரடை. வீணையில், வயலினில் இருப்பது போல நுனி நோக்கி மெலிந்து போகும். அதில் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். திருப்பும்போதே உள்நோக்கி அழுத்தினால்தான் அது நிற்கும். வழுக்கினால் பிரடையைக் கழற்றி, துளையில் உரசும் இடத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தூள். இறுகித் திரும்ப மறுத்தால் காய்ந்த சோப்பு. எண்ணெய் கூடவே கூடாது, பசை அதைவிட மோசம். துளையே தேய்ந்து பிரடை ரொம்ப உள்ளே போய்விட்டால், வயலின் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கியர் போடலாம் என்று யாராவது சொன்னால் கருவியைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தத் துளையை ஒரு முறை நேராக்கிவிட்டால் மறுபடி பழையபடி ஆக்குவது பெரிய வேலை.

உங்கள் யுக்கலேலிக்கு உதிரிப் பிரடை வாங்க நேர்ந்தால், இரண்டு அளவுகளைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்: துளையின் விட்டம், தலைப்பலகையின் கனம். ஒரு பிரடையைக் கழற்றிக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையை வேறொருவரிடம் கொடுத்தால், மாற்றிய பழைய பிரடைகளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அவற்றின் ஸ்க்ரூவும் வாஷரும் மற்றப் பிரடைகளுக்கு உதிரியாக உதவும். உண்மையில் கெட்டது எது என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.