பந்து பிடிப்பது சோறு போடுமா?

அன்புள்ள அம்மா,

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து மகளோடு பஸ் ஏறி, அவள் எதிர்காலம் பற்றிக் கேட்க என்னிடம் வந்தீர்கள். உட்காரும் முன்பே, "பந்து பிடிக்கிறது சோறு போடுமா சார்?" என்று கேட்டீர்கள். விடிவதற்குள் பால்மரம் சீவப் போய் ஆளாக்கிய பிள்ளை. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

அவள் ஆடுவது ஹேண்ட்பால், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம்; அதில் அவள் கோல்கீப்பர். 7 மீட்டர் தூரத்திலிருந்து எறியும் பெனால்டியை எப்படித் தடுப்பாய் என்று அவளைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? பந்தையே பார்க்கமாட்டாளாம், எறிகிறவளின் தோளையும் முழங்கையையும்தான் பார்ப்பாளாம். நாற்காலியை விட்டு எழுந்து கைகளை விரித்தும் காட்டினாள். முன்கையில் பந்து பட்டுக் கன்றிப்போன நீலம் இன்னும் ஆறவில்லை. 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கோலை ஒருத்தியாக நின்று காக்கிறாள். தான் செய்வதை அடுத்தவருக்குப் புரியும்படி அவளால் சொல்லவும் முடிகிறது. நல்ல விளையாட்டாளர்கள் பலருக்கே வராதது அது. அவளுக்குள் ஒரு பயிற்றுநர் இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

கோல்கீப்பராக இருந்து பயிற்றுநர் ஆனவர்கள் உண்டு. ஸ்வீடனின் மாட்ஸ் ஓல்சன் 1990-இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் கோல்கீப்பர். பிறகு நார்வே பெண்கள் அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த அணியின் கோல்கீப்பர் கத்ரீனே லுண்டே 2024 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 44. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் தீல் இன்னொருவர். புகழ்பெற்ற கோல்கீப்பர், பயிற்றுநர், வழக்கறிஞரும்கூட. இவரைப் பற்றித்தான் உங்கள் மகளிடம் அடிக்கடி சொல்லுங்கள் என்பேன்.

அவளுடைய பயிற்றுநர் பகலில் வேறு வேலைக்குப் போய், மாலையில்தான் திடலுக்கு வருகிறார் என்றீர்கள். உண்மைதான். நம் மலேசியாவில் போலா பாலிங் (ஹேண்ட்பாலின் மலாய்ப் பெயர்) பயிற்சியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். அதனால்தான் படிப்பை விடக்கூடாது என்கிறேன். முதலில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு. மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது; வரலாற்றில் அவள் பின்தங்கியிருக்கிறாள், இப்போதே டியூஷன் வையுங்கள். பிறகு ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா. அதன்பின் தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) பயிற்றுநர் அறிவியல் பட்டம் படிக்கலாம், உங்கள் பேராக்கிலேயே இருக்கிறது. தேசியப் பயிற்றுநர் சான்றிதழின் விளையாட்டு அறிவியல் நிலைகளையும் ஒவ்வொன்றாக முடிக்கட்டும். உடற்கல்வி ஆசிரியர் வேலை கிடைத்தால் மாதச் சம்பளமும் உண்டு, திடலும் கைவிட்டுப் போகாது.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், யார் எந்த மூலைக்கு எறிந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் பயிற்றுநரையும் கூட்டி வாருங்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் ஆனாலும் காத்திருக்கிறேன்.