காந்தம், கரண்ட், கைபேசிக் கோபுரம்: பயிருக்கு என்ன செய்யும்? (கேள்வி பதில்)

தெஹிவளை, மொட்டைமாடித் தோட்டம்: அண்ணா, பக்கத்துக் கட்டடத்தில் கைபேசிக் கோபுரம் போட்ட பிறகு மிளகாய்க் கன்றெல்லாம் இலை சுருளுது. கதிர்வீச்சா?

முதலில் கொழுந்து இலையைத் திருப்பி லென்ஸால் பாருங்கள். விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் மடிந்திருந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத்தூள் லீற்றருக்கு 3 கிராம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பனிப்பூச்சிக்கு லீற்றருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றரோடு சில சொட்டுச் சவர்க்காரக் கரைசல். இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் இலை கருகும்; இடையில் இரண்டு கிழமை விடுங்கள்.

கோபுரத்தைப் பற்றி: 900 மெகாஹேர்ட்ஸில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீற்றருக்கு 4.5 வாட். நண்பகல் வெயில் அதே பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் கொட்டுகிறது. அந்த அளவு அலை இலையைச் சூடாக்கிச் சுருட்டாது.

களனி: 220 கிலோவோல்ட் லைனுக்குக் கீழே காணி. மரக்கறி போடலாமா?

கீரை, கத்தரி, பயிற்றை எல்லாம் வரும். 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம் லைனில் ஓடும் கரண்டைப் பொறுத்தது. நிலமட்டத்தில் வழமையாகச் சில மைக்ரோடெஸ்லா முதல் சில பத்து வரைதான். பயிரின் வளர்ச்சியில் அது தெரியும்படி எதையும் செய்வதில்லை. மின்புலம்தான் கவனிக்க வேண்டியது. மீற்றருக்கு 20 கிலோவோல்ட் அளவுக்கு ஏறினால் கூரான இலை நுனியில் மின்கசிவு உண்டாகி நுனி கருகும். நிலமட்டத்தில் அவ்வளவு வராது, உயரமான மரத்தின் தலையில் வரும். அதனால் தென்னை, முருங்கை வேண்டாம். கம்பிக்குக் கிட்டப் போனால் கரண்ட் மரத்துக்குப் பாயும்.

பயிற்றைப் பந்தலுக்கு நீளக் கம்பி இழுத்தால் அதில் கரண்ட் தூண்டப்பட்டுக் கை வைத்ததும் சுரீர் என்று அடிக்கும். இரும்புக் கம்பியொன்றை நிலத்தில் அறைந்து பந்தலை எர்த் செய்யுங்கள், அல்லது நைலோன் கயிறு கட்டுங்கள்.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: அண்ணா, விதையைக் காந்தத்தில் வைத்தால் கெதியாக முளைக்குமா? செய்முறைத் திட்டத்துக்கு எப்படிச் செய்வது?

இந்தத் துறையில் ஓரளவு உறுதியான ஆதாரம் இருப்பது இதற்குத்தான், தங்கச்சி. புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொண்டைக்கடலை விதைக்கு 250 மில்லிடெஸ்லா வரை 1 முதல் 4 மணித்தியாலம் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். நல்ல பலன் தந்தவை 50 மில்லிடெஸ்லாவில் 2 மணித்தியாலம், 100 இல் 1 மணித்தியாலம், 150 இல் 2 மணித்தியாலம். கூட்டக் கூட்டப் பலன் கூடும் என்றில்லை என்பதைக் கவனியுங்கள். முளைப்பு வேகமும் நாற்றின் நீளமும் கூடியதால் விளைச்சலும் கூடும் என்று எழுதிவிடாதீர்கள்.

பாசிப்பயறு எடுங்கள், எம்.ஐ. 6 என்ற இனம் நல்லது. இரண்டு நியோடிமியக் காந்தக் கட்டைகளை எதிர்முனைகள் பார்த்திருக்க மரச்சட்டத்தில் பொருத்துங்கள். இடைவெளியை ஊகிக்க வேண்டாம், அளந்தே முடிவு செய்யுங்கள். காந்தப்புலத்தை அளக்கும் எஸ்.எஸ். 49இ ஹோல் சென்சருக்கு 5 வோல்ட் கொடுத்தால் புலமில்லாதபோது 2.5 வோல்ட் காட்டும், ஒரு மில்லிடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 14 மில்லிவோல்ட் நகரும். 100 மில்லிடெஸ்லாவோடு அதன் எல்லை முடிகிறது. ஓரத்தில் புலம் சீராக இராது. காய்ந்த விதையை நடுப்பகுதியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கட்டைகள் விரலை நசுக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் உள்ள வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம்.

பெரும்பாலான திட்டங்கள் தோற்பது ஒப்பீட்டுத் தொகுதியில்தான். காந்தம் பெறாத விதையும் அதே சட்டம், அதே நேரம், அதே அறைச்சூடு பெறவேண்டும். காந்தத்துக்குப் பதிலாக அதே அளவு ஓட்டுத்துண்டு வையுங்கள். ஒவ்வொரு வகைக்கும் 100 விதை வீதம் நான்கு தட்டு. தட்டுகளுக்கு இலக்கம் மட்டும் போட்டு, எது எதுவென்று தெரியாத ஒருவரைக் கொண்டு 5ஆம், 7ஆம் நாள் எண்ண வையுங்கள். 100 விதையில் 88, 92 என்ற வித்தியாசம் தற்செயலாகவே வந்துவிடும்.

கரண்டில் செய்ய ஆசையென்றால் 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள இரண்டு சுருள்களை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு செப்புக்கம்பியைச் சேர்த்து 50 சுற்று. நாலு கம்பியிலும் ஒரே திசையில் 1 அம்பியர் ஓடினால் நடுவில் 0.6 மில்லிடெஸ்லா. ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பியைத் திருப்பி இணைத்தால் புலம் பூச்சியம், சூடு மட்டும் அப்படியே. சுருளின் சூட்டால் முளைத்ததைக் காந்தத்தின் கணக்கில் எழுதாமல் இருக்க இதைவிட நல்ல வழியில்லை.

கொட்டாஞ்சேனை: சாடியில் செப்புக்கம்பி நட்டால் வானத்து மின்சாரத்தை இழுத்துச் செடி செழிக்கும் என்று வீடியோக்கள் வருகின்றன.

காசை விதைக்கு வையுங்கள். பிரித்தானிய அரசு 1918இல் இதற்கென்றே குழு அமைத்து, பயிருக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி கட்டிப் பார்த்தது. 1936இல் பலன் சீராக இல்லையென்று கைவிட்டார்கள். வெறும் கம்பிக்கு மின்மூலம்கூடக் கிடையாது.

வத்தளை: ஐயா, தண்ணியைத் திருத்தும் என்று குழாயில் மாட்டும் காந்தம் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். தண்ணியின் உப்பையோ கடினத்தன்மையையோ அது எடுக்காது. அந்தக் காசுக்கு மண்ணின் அமிலத்தன்மையைச் சோதியுங்கள்.

நுகேகொடை: வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்தில் நாற்று வாடுகிறது.

ரவுட்டர் ஓயாமல் சூடு விடும். சிறு தட்டின் ஈரம் அதிலேயே காயும். டென்மார்க்கில் 2013இல் பாடசாலை மாணவிகள் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்து பிரபலமான விதைச் சோதனைக்கும் இதே சந்தேகம் எழுந்தது. தட்டை ஒரு மீற்றர் தள்ளி வைத்து, ஈரத்தைச் சமப்படுத்திப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, வெயில் விழாத பல்கனி: அப்படியென்றால் எந்த மின்காந்த அலைதான் பயிரை வளர்க்கும்?

ஒளி, அக்கா. 400 முதல் 700 நனோமீற்றர் வரை. கீரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 12 மோல் அளவு ஒளித்துகள் போதும்: இலைமட்டத்தில் சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 200 மைக்ரோமோல் தரும் எல்.ஈ.டி. விளக்கை 16 மணித்தியாலம் எரித்தால் 11.5 மோல் கிடைக்கும். பெட்டியில் போட்ட வாட் கணக்கை நம்பாமல் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் எத்தனை மைக்ரோமோல் என்று கடையில் கேளுங்கள். தண்ணி தெறிக்கும் இடமாதலால் டிரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலேயே மாட்டுங்கள். வயரை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணி பிளக்குக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.