சுவை பார்ப்பதற்கு ஒரு படிப்பா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் உணவுத் தொழில்நுட்பம் பயின்று சுவை மதிப்பீட்டுத் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்வதற்கு நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் சுவைப்பவரை மட்டும் நினைத்துக் கேட்கிறார்கள். உங்கள் மகள் படிக்கப்போவதோ சோதனையை வடிவமைத்து, நடத்தி, அதன் முடிவுக்குப் பொறுப்பேற்கும் வேலைக்கு.

ஒரு காப்பித்தூள் நிறுவனம் சிக்கரியின் அளவைச் சற்றுக் கூட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றம் குடிப்பவருக்குத் தெரியுமா என்பதை அறியப் பெரிதும் பயன்படுவது முக்கோணச் சோதனை. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் கையாளப்பட்டுப் பரவிய முறை இது. சுவைப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று கோப்பைகள் தரப்படும். இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. வேறானது எது என்பதை அவர் குறிக்க வேண்டும், தெரியாவிட்டால் ஊகித்தாவது குறிக்க வேண்டும். வெறும் ஊகத்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு விடை சரியாக அமைந்துவிடும் என்பதால், 30 பேரில் 10 பேர் சரியாகச் சொன்னதை வைத்து எதையும் நிறுவ முடியாது. குறைந்தது 15 பேர் சரியாகச் சொன்னால்தான், வேறுபாடு உணரப்படுகிறது என்று 5 சதவீதப் பிழைவாய்ப்புக்கு உட்பட்டுக் கூறலாம்; அதாவது, வெறும் ஊகத்தாலேயே அத்தனை பேருக்கு விடை சரியாக அமையும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் அடங்கும்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக வேண்டுமானால், சுவையைத் தவிர வேறெந்தக் குறிப்பும் சுவைப்பவருக்குக் கிடைக்கக் கூடாது. சிக்கரி கூடினால் நிறம் கருக்கும். அதை மறைக்கச் சிவப்பு விளக்கின் கீழ் காப்பி தரப்படுகிறது. ஒரு கோப்பை மட்டும் சற்று ஆறியிருந்தாலும் சோதனை கெட்டுவிடும். கோப்பைகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டால் முதல் எண்ணின் மீது மனம் சாயக்கூடும் என்பதால், தற்செயலாகத் தேர்ந்த மூன்றிலக்க எண்கள் இடப்படுகின்றன. இரண்டு வகைக் காப்பியை மூன்று கோப்பைகளில் வைக்க ஆறு வரிசைகள் உண்டு. அந்த ஆறும் சுவைப்பவர்களிடையே சம எண்ணிக்கையில் வர வேண்டும். கசப்பு நாக்கில் தங்குமாதலால், இடையிடையே வாய் கொப்பளிக்க வெந்நீரும் போதிய இடைவெளியும் தரப்பட வேண்டும்.

முடிவைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 30 பேரில் 12 பேர் மட்டுமே கண்டுபிடித்தார்கள் என்றால், இரண்டு காப்பியும் ஒன்றே என்று எழுதிவிட முடியாது; வேறுபாடு நிறுவப்படவில்லை என்று மட்டுமே எழுதலாம். ஒத்திருக்கின்றன என்று கூற வேண்டுமானால் இன்னும் அதிகம் பேரும், அதற்கென வகுத்த வேறு கணக்கீடும் தேவை. அதுபோலவே, எது பிடித்திருக்கிறது என்ற கேள்வியை இந்தச் சோதனையோடு கலக்கக் கூடாது. அது பயிற்சி பெறாத நுகர்வோரிடம் தனியே கேட்க வேண்டியது. செலவைக் குறைக்கத் துடிக்கும் நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்லும் உறுதியைத்தான் இந்த வேலைக்கான முதல் தகுதியாக நான் கருதுகிறேன்.

எனவே உங்கள் மகள் கணிதத்தை, குறிப்பாக நிகழ்தகவை, அலட்சியம் செய்யக் கூடாது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம்), சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். உள்ளது. மேற்படிப்புக்கு, 1950-இல் தொடங்கப்பட்ட மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) மிக நல்ல இடம். ஆனால் பட்டம் பெற்றவுடன் சுவை ஆய்வகத்திலேயே வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தனிச் சுவை ஆய்வுப் பிரிவை வைத்திருப்பவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே. பலர் தரக் கட்டுப்பாட்டிலோ உற்பத்தியிலோ சேர்ந்து, ஷிப்ட் பார்த்து, பின்னரே இதற்கு வருகிறார்கள். இந்தக் காத்திருப்புக்கு நீங்களும் மனத்தளவில் ஆயத்தமாக வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே ஒரு முக்கோணச் சோதனையை அவளை நடத்தச் சொல்லுங்கள். சுவைப்பவர்கள் ஐந்து பேர் இருந்தால், நால்வராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டென்று கொள்ளலாம். ஏன் நால்வர் என்பதை அவளே கணக்கிட்டுக் காட்டட்டும். கோப்பைகளை ஒரே சூட்டில் வைப்பதிலும் எண்களைக் குறித்து வைப்பதிலும் அவளுக்குச் சலிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். கல்லூரிகளைப் பார்க்கச் செல்லும்போது, தனித்தனித் தடுப்புகள் கொண்ட சுவை ஆய்வகம் இருக்கிறதா, மாணவர்கள் அங்கே சுவைப்பவர்களாக மட்டும் உட்காருகிறார்களா அல்லது சோதனையைத் தாங்களே நடத்துகிறார்களா என்று கேளுங்கள்.