மூளையின் மறுகால்: பொட்டாசியம் சேனல் மருந்துகள் பற்றிக் கேள்வி பதில்

நெல்லை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மருந்தியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

பாளையங்கோட்டை, நர்சிங் மாணவி: அண்ணாச்சி, பொட்டாசியம் சேனலுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

குளத்து மறுகாலை நினைச்சுக்கோ தங்கச்சி. மழை கொட்டும்போது மிச்சத் தண்ணீர் அதன் வழியாக வழிந்துவிடும், கரை தப்பும். நரம்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம் ஏறத்தாழ 140 மில்லிமோலார், வெளியே 4 அளவுதான். சோடியம் உள்ளே பாய்ந்தால் அணு கிளர்ந்தெழும். பொட்டாசியம் தனக்கான வாசல் வழியாக, அதாவது பொட்டாசியம் சேனல் வழியாக, வெளியே போனால் அடங்கும். இதில் கேவி7.2, கேவி7.3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து அமையும் சேனல்தான் முக்கியம். அணு வெடிப்பதற்கு முன்பே, மைனஸ் 60 மில்லிவோல்ட் பக்கம், மெதுவாகத் திறக்கத் தொடங்கும். திறந்தபின் தானாக அடைத்துக்கொள்ளாது. அதனால் ஒரு துடிப்பின் பின்னாலேயே அடுத்தடுத்து நூறு துடிப்பு வராமல் தடுக்கிறது. இந்த மறுகால் அடைபட்டால் வலிப்பு.

அம்பாசமுத்திரம்: அப்போ இளநீர், வாழைப்பழம் கொடுத்தா வலிப்பு கொறையுமா?

குறையாது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோலார் வரை இருக்கவேண்டும். அதைக் கூட்டினால் மறுகால் பெரிதாகிவிடாது. அணுவுக்கு வெளியே பொட்டாசியம் ஏறினால் நரம்பு இன்னும் கிளர்ச்சியாகும். சிறுநீரகம் கெட்டவருக்கு இதயமே நின்றுவிடலாம்.

தென்காசி, ஒரு தாய்: புள்ள பொறந்த மூணாம் நாளே வலிப்பு. ஜீன் ரிப்போர்ட்ல கேசிஎன்கியூ2 மாற்றம்னு போட்டிருக்காக. டாக்டர்ட்ட என்ன கேக்கணும்?

கேவி7.2-ஐ உண்டாக்கும் ஜீன் அதுதான் அம்மா. ஒரே ஜீன், ஆனால் நோய் இரண்டு விதம். ஒன்று குடும்ப வழியாக வருவது. வலிப்புக்கு நடுவே குழந்தை நன்றாக இருக்கும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்றுவிடும். மற்றது கடுமையானது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக வந்தது, வளர்ச்சியையும் பாதிக்கும். அதனால் உங்கள் இருவர் ரத்தத்தையும் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம்: இந்த மாற்றம் சேனலைச் செயலிழக்கச் செய்கிறதா, அளவுக்கு மீறித் திறக்கிறதா? பெரும்பாலும் செயலிழப்புதான். அதற்குக் கார்பமாசெபின், பெனிட்டாயின் போன்ற சோடியம் சேனல் மருந்துகள் நன்றாகக் கேட்கும். அணுவின் வால் தொடங்கும் இடத்தில் இரண்டு சேனலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மறுகால் சிறுத்தாலும் சோடியம் உள்ளே வரும் வரத்துக் காலைக் குறைத்துச் சமாளிக்கலாம். மீறித் திறக்கும் வகையில் சேனல் திறக்கும் மருந்து கொடுத்தால் கேடு.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கார்பமாசெபின் சிரப்பைக் குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கிவிடும். முதல் நாட்களில் அளவு குறைந்து வலிப்பு வரும், பாட்டில் முடியும்போது அளவு ஏறி மயக்கம் வரும். நன்றாகக் குலுக்கி, ஸ்பூனை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வள்ளியூர், மருந்துக் கடைக்காரர்: இந்த சேனலைத் திறக்கும் வலிப்பு மருந்து ரெடிகாபின் வந்த வேகத்தில் போயிட்டே, ஏன்?

2011-இல் அனுமதி கிடைத்தது. கேவி7.2 முதல் 7.5 வரை எல்லாவற்றையும் திறந்தது. 7.4, 7.5 சிறுநீர்ப்பைத் தசையிலும் இருப்பதால் சிலருக்குச் சிறுநீர் அடைத்தது. நாளுக்கு மூன்று வேளை வேறு. பிறகு நகம், உதடு, தோல் நீலம் பாய்ந்தன, விழித்திரையிலும் நிறமி படிந்தது. 2013-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது, 2017-இல் கடையிலிருந்தே போனது. நிறம் படிந்ததற்குக் காரணம் அந்த மூலக்கூறின் வேதியியல். சேனல் இலக்கு தோற்றதாக இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே இலக்கில் அசெடுகால்னர், நாளுக்கு ஒருவேளை மருந்தாக, சோதனையில் இருக்கிறது. 2023-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் 25 மில்லிகிராம் குழுவில் வலிப்பு 52.8 சதவீதம் குறைந்தது, மருந்தில்லா மாத்திரைக் குழுவில் 18.2.

சங்கரன்கோவில்: வீட்டுக்காரருக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். ஃபாம்ப்ரிடின் எழுதியிருக்காக. அது சேனலை அடைக்கும்னு படிச்சேன், பயமா இருக்கு.

அவருக்கு அடைப்பதுதான் தேவை அக்கா. நரம்பின் உறை உரிந்ததால் பொட்டாசியம் கசிந்து செய்தி பாதியில் நிற்கிறது. கசிவை அடைத்தால் செய்தி காலுக்குப் போய்ச் சேரும். அளவு 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று. பொடிக்கவோ உடைக்கவோ கூடாது, மருந்து ஒரே அடியாக வெளிவந்து வலிப்பு வரலாம். ஒரு வேளை விட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. முன்பு வலிப்பு வந்தவருக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் ஆகாது. தொடங்குமுன் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பாருங்கள். தொடங்குமுன்பும் இரண்டு வாரம் கழித்தும் 25 அடி நடக்க எத்தனை நொடி என்று குறித்து வையுங்கள். வேகம் கூடவில்லை என்றால் தொடர்வதில் பயனில்லை, குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.

நாங்குநேரி: செந்தேள் விஷத்துல இருந்து மருந்து எடுக்கலாமாமே?

நம்ம காட்டுச் செந்தேளின் விஷத்தில் ஐபீரியோடாக்சின் இருக்கிறது, 37 அமினோ அமிலம். பிகே என்ற பொட்டாசியம் சேனலை மட்டும் அடைக்கும். அதே விஷத்திலுள்ள டாமாபின், எஸ்கே2 என்ற வேறு வகைப் பொட்டாசியம் சேனலை அடைக்கும். ஆய்வுக்கூடத்தில் எந்த சேனல் என்ன வேலை செய்கிறது என்று பிரித்தறிய இரண்டும் உதவுகின்றன. புரதத் துணுக்கு என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது கடினம், எனவே நேரடி மருந்தாக எடுபடவில்லை. கொட்டினால் வேர்த்துக்கொட்டி வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பிராசோசின் மாத்திரை தொடங்குவது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.